நெர்ன்ஸ்ட் ஏற்றிய விளக்கு

நம் சங்கத்து நண்பர்களில் வேதியியல் பயில்வோர் அனைவரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை அறிவர். பரீட்சைக்கு முதல் நாள் இரவில் அதனை நெட்டுருச் செய்யாதவர் நம்மில் யார்? ஒரு மின்கலம் எத்தனை வோல்ட் தரும் என்பதை அது கணக்கிட்டுச் சொல்லும். அக்கலம் எத்தனை நாள் உழைக்கும் என்பதை மட்டும் சொல்லாது. சமன்பாட்டைத் தந்தவரே அந்த இரண்டாவது கேள்வியையும் நமக்கு விட்டுச் சென்றார். அவர் வரலாறு இது.

வால்தர் நெர்ன்ஸ்ட் 1864ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் பிரீசன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்று பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. தந்தையார் நீதிபதி. மகனுக்கோ இளமையில் கவிஞராக வேண்டும் என்ற ஆசை இருந்ததாம். அவர் சூரிச், பெர்லின், கிராட்ஸ், வூர்ட்ஸ்பர்க் என ஊர் ஊராகச் சென்று பயின்றார். படிப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்திருக்கும் நமக்கு இது புதிதன்று. 1887இல் டாக்டர் பட்டம் பெற்று, லைப்சிக் நகரில் பேராசிரியர் ஆஸ்ட்வால்டிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1889இல் அந்தச் சமன்பாடு வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 25; என்னைவிட இரண்டே ஆண்டு மூத்தவர்!

பின்னர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நாளைய மின்விளக்கில் ஒளிர்ந்தது கரி இழை. காற்றுப் பட்டால் கரி எரிந்துவிடும். ஆகவே காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் அதனை அடைத்துவைத்தனர். ஆக்ஸைடாகவே இருக்கும் பொருள் காற்றில் மேலும் எரியாது அல்லவா? நெர்ன்ஸ்ட் 1897இல் ஸிர்க்கோனியம் ஆக்ஸைடுடன் சிறிதளவு இட்ரியம் ஆக்ஸைடு கலந்து, மெல்லிய குச்சியாக்கி, அதில் மின்சாரத்தைச் செலுத்தினார். குளிர்ந்திருந்தபோது அது பீங்கானைப் போல மின்சாரத்தைத் தடுத்தது. வெளியிலிருந்து சூடேற்றியதும் வழிவிட்டது. அதன்பின் மின்னோட்டமே அதனைச் சூடாக வைத்து, வெண்ணிற ஒளி வீசச் செய்தது. அந்த உரிமையை ஏ.இ.ஜி. நிறுவனம் வாங்கிக்கொண்டது, விலை பத்து லட்சம் மார்க் என்பர். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் நெர்ன்ஸ்ட் விளக்குகள் ஒளிர்ந்தன.

ஆனால் எந்தச் சூடு அக்குச்சிக்கு உயிர் தந்ததோ, அந்தச் சூடே அதற்கு எமனாகவும் ஆயிற்று. எரிய எரிய மின்தடை மிகுந்தது; சில நூறு மணி நேரத்தில் குச்சி முறிந்தது. சூடேறும் வரை காத்திருக்க வேண்டிய தொல்லை வேறு. டங்ஸ்டன் இழை வந்ததும் நெர்ன்ஸ்ட் விளக்கு வீடுகளை விட்டு அகன்றது. ஆயினும் விளக்கு அணைந்த பின்னும் அதன் பாடம் அணையவில்லை. அத்திண்மப் பொருளுக்குள் மின்சாரத்தைச் சுமந்து சென்றவை அயனிகள் என்பதை நெர்ன்ஸ்ட் உணர்ந்திருந்தார்.

1905இல் பெர்லின் சென்றார். மறு ஆண்டு வெளியிட்ட அவருடைய வெப்பத் தேற்றமே இன்று வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதியாக விளங்குகிறது. 1920ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிட்டியது. அதற்குள் முதல் உலகப் போர் அவருடைய இரு புதல்வரையும் கொண்டுபோய்விட்டது. அப்போருக்கான இரசாயன ஆயுத ஆராய்ச்சியில் அவரும் பங்குகொண்டார் என்பதை மறைக்கலாகாது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். யூதரை மணந்த இரு பெண்மக்கள் நாட்டைத் துறக்க நேர்ந்தது. கிராமத்துப் பண்ணை வீட்டில் ஒதுங்கி வாழ்ந்த அவர், 1941 நவம்பர் 18ஆம் நாள் காலமானார்.

அவர் உயிரோடிருந்தபோதே, 1937இல், சுவிட்சர்லாந்தில் பௌர், பிரைஸ் என்னும் இருவர் அதே ஆக்ஸைடைக் கொண்டு எரிபொருள் மின்கலம் ஒன்றை அமைத்தனர். அது சுமார் 1000 டிகிரி சென்டிகிரேடில் இயங்கியது. அயனிகள் செல்லும் வழியை 1943இல் கார்ல் வாக்னர் விளக்கினார்: ஸிர்க்கோனியத்தின் இடத்தில் இட்ரியம் அமரும்போது படிகத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகின்றன, அவ்வெற்றிடங்களின் வழியே ஆக்ஸிஜன் அயனி தாவிச் செல்கிறது.

இன்றைய திண்ம ஆக்ஸைடு எரிபொருள் மின்கலம் அதன் வாரிசே. குச்சியின் பழைய நோயும் சொத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது. சூட்டில் எரிபொருள் மின்வாயின் நுண்ணிய நிக்கல் மணிகள் ஒன்றுகூடிப் பருக்கின்றன. வினை நிகழும் இடம் சுருங்குகிறது. இணைப்புத் தகட்டின் எஃகிலிருந்து குரோமியம் ஆவியாகிக் காற்று மின்வாயில் படிகிறது. லாந்தனம் கொண்ட மின்வாய், ஸிர்க்கோனியம் ஆக்ஸைடுடன் வினைபுரிந்து மின்சாரத்தைத் தடுக்கும் படலத்தை உண்டாக்குகிறது. அணைத்து அணைத்து மூட்டினால் அடுக்குகள் வெவ்வேறு அளவில் விரிந்து வெடிக்கின்றன. எஃகுக்குப் பூச்சிடுகின்றனர், மின்வாய்க்கு இடையே சீரியம் ஆக்ஸைடால் தடுப்பிடுகின்றனர், வெப்பநிலையையும் குறைத்துப் பார்க்கின்றனர். நோய் தணிகிறது, தீரவில்லை.

ஓர் ஊருக்கு ஒளி தரும் நிலையம் 40,000 மணி நேரமேனும் உழைக்க வேண்டும் என எதிர்பார்க்கிறார்கள். அது நான்கரை ஆண்டுக்கும் மேல். ஒரு மாணவர் டாக்டர் பட்டம் பெறும் காலம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டிச் சோதித்தால், வேறொரு நோயால் கலம் இறந்துவிடலாம். நாம் தேடிய விடை கிடைக்காது. காத்திருந்து, நாள்தோறும் அளந்து குறிப்பதைத் தவிர நேர்வழி வேறில்லை. அவ்வேலைக்குப் புகழும் குறைவு.

நண்பர்களே, 25 வயதில் ஒரு சமன்பாட்டை எழுதிவிடும் மேதை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவர் ஏற்றிய விளக்கு நெடுநாள் எரியக் காவலிருக்கும் பொறுமை நமக்கு வாய்க்கக்கூடாதா? அடுத்த முறை அச்சமன்பாட்டை எழுதும்போது, அதில் காலத்தைக் குறிக்கும் எழுத்து இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இடம் நமக்காகக் காத்திருக்கிறது.