காட்டைக் கற்ற அம்மையார்

ஆரியசாலையிலிருந்து நாள்தோறும் பாளையத்துக்குப் பஸ் ஏறும் நம் மாணவருள் பலர் இதை அறியார். இன்றைய யூனிவர்சிட்டி காலேஜின் முன்னோடியான மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை தாவர இயல் பேராசிரியராக இருந்தவர் ஒரு பெண்மணி. அவரே இ.கே. ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4 அன்று தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதிபதி. சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தார். அமெரிக்கா சென்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிப் படிப்பைத் தாண்டுவதே அரிதாயிருந்த காலம் அது! மணவாழ்வை அவர் நாடவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் சென்றார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துக் கலப்பினம் கண்டார். பின்னர் இலண்டனில், குண்டுகள் விழுந்த போர்க்காலத்திலும் உருப்பெருக்கியை விட்டு அகலவில்லை. டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து அவர் ஆக்கிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூல் 1945-இல் வெளிவந்தது. 1951-இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார்.

குரோமோசோமை எண்ணிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன் என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். எந்தச் செடிக்கு எது உறவு, எது எதனோடு கலந்தால் வித்து முளைக்கும், எது மலடாகும் என்பதற்கெல்லாம் அந்த எண்ணிக்கை துப்புக் கொடுக்கும். செடிகொடிகளின் குலமரபை அம்மையார் படித்தது அந்த வழியில்தான்.

மரங்களின் இனப்பெருக்கம் எத்துணைச் சிக்கலானது என்பதற்கு நம் ஆரியசாலைக் கடைகளே சான்று. மீன் குழம்புக்கு நாம் வாங்கும் குடம்புளி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரத்தில் காய்ப்பது. அம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. விதையிட்டு வளர்ப்பவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, பூத்த பின்னரே எது எதுவென்று அறிவர். பக்கத்துக் கடைச் சாதிக்காய்க்கும் இதே நிலை. அதன் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை சின்னஞ்சிறு வண்டுகள்.

களக்காட்டு மலையில் காக்காச்சிக் காட்டின் 86 மரவகைகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றுள் பெரும்பாலானவை பூச்சிகளையே நம்பியிருப்பதைக் காட்டிற்று. அம்மலையின் வெடிப்பலாவுக்கோ வௌவால் முதலிய விலங்குகளே மகரந்தத் தூதர்கள். அதன் சதைப்பற்றுள்ள பூக்களைத் தின்னச் சிங்கவால் குரங்குகளும் வருகின்றன. மரத்தை நாம் நட்டுவிடலாம். வண்டையும் வௌவாலையும் எங்கே போய் நடுவது?

பாலக்காட்டு மாவட்டத்து சைலன்ட் வேலியில் எழுந்த பூசலின் உயிர்நாடி இதுவே என்பது என் எண்ணம். குந்திப்புழையில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973-இல் இசைவு கிடைத்தது. மூழ்கவிருந்தது ஏறத்தாழ 830 ஹெக்டேர் காடு. மின்சாரம் வேண்டுமென்றவர்களையும் நான் குறை கூறமாட்டேன். இருட்டில் கிடந்த ஊர்கள் அன்று எத்தனையோ. ஆயினும், அணைகளின் தேவையை நன்கறிந்த அம்மையார் காட்டின் பக்கமே நின்றார். எண்பது வயதை ஒட்டிய முதுமையில், அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராய முற்பட்டார். மூழ்கப் போவது இன்னதென்று அறியாமல் மூழ்கடிக்கலாகாது அல்லவா?

1970 முதல் அவர் வாழ்ந்தது சென்னையை அடுத்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் களத்தில். 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1983-இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று, தமது 86-ஆம் வயதில், அம்மையார் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.