கொல்லன் பெயர் பூண்ட பூச்சியறிஞர்

இலத்தீன் மொழியிற் கொல்லனைக் குறிக்கும் 'ஃபாபர்' என்னுஞ் சொல்லே தென்பிரான்சில் 'ஃபாப்ர்' என்னுங் குடிப்பெயராயிற்று. 1910-ல் நீர்விமானம் பறக்கவிட்ட ஆன்ரி ஃபாப்ர் அப்பெயரினர். யாம் ஈண்டுப் போற்றப் புகுந்தது பூச்சியறிஞர் ழான் ஆன்ரி ஃபாப்ர் என்பாரை.

1823-ல் ஏழைக்குடியிற் பிறந்த இவர், பெரும்பாலும் தாமே கற்று ஆசிரியரானார். அவிஞோன் நகரில் இளம்பெண்களுக்கு மலர்கள் கருவுறுமாற்றைப் போதித்தார். அது பொறாதார் தூற்றவே, 1870-ல் பதவி துறந்து, குடியிருந்த வீட்டையும் இழந்தார். அவ்வமயம் ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடனுதவினார்.

1879-ல் செரிஞான் என்னுமூரிற் கல்லும் முள்ளும் மண்டிய தரிசொன்றை வாங்கினார். ஆண்டுக் குளவியும் வண்டும் வாழும் முறையை நுணுகி நோக்கி, 1907-க்குள் பத்துத் தொகுதிகள் வரைந்து முடித்தார், 1915-ல் மறைந்தார். கொல்லன் உலையில் இரும்பு உருப்பெறுமாறுபோல, வறுமையில் இவருள்ளம் உறுதிபெற்றது என்போம்.