வாழ்நாள் மாணாக்கர் சர் ஜேம்ஸ் மக்கென்சி

பட்டம் பெற்றவுடன் கல்வி முற்றுப்பெற்றது என எண்ணுவோர் எத்துறையிலும் உளர். மருத்துவத் துறையிலோ அவ்வெண்ணம் உயிருக்கே ஊறு விளைக்கும். நம் இல்லங்களில் எவருக்கேனும் உடல் நலம் குன்றின், நாம் முதலில் நாடுவது அண்மையிலுள்ள குடும்ப டாக்டரையே. அத்தகைய டாக்டர் இறுதிவரை கற்றல் வேண்டும் என்பதைத் தம் வாழ்வால் மெய்ப்பித்த சர் ஜேம்ஸ் மக்கென்சியின் வரலாற்றை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஸ்காத்லாந்திலுள்ள ஸ்கோன் என்னும் ஊரில், 1853-ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையில் பெர்த் நகரத்து மருந்துக் கடையொன்றில் தொழில் பயின்றார். பின்னர் எடின்பரோவில் மருத்துவம் கற்று 1878-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் பொது மருத்துவராய் அமர்ந்தார். அது பஞ்சாலைத் தொழிலாளர் நிறைந்த ஊர்.

அங்கே அவரது மருத்துவத்திலிருந்த இளம் பெண் ஒருத்தி, இதய நோயால் பிரசவ வேளையில் உயிர் நீத்தாள். வரவிருந்த ஆபத்தை முன்னரே உணரத் தமக்கு இயலவில்லையே என்ற வருத்தம் அவரை வாட்டியது. நூல்களை ஆராய்ந்தார், தெளிவான விடை கிட்டவில்லை. எந்த இதயக் கோளாறு உயிரைக் குடிக்கும், எது தீங்கற்றது என்பதைத் தம் நோயாளிகளிடமிருந்தே கற்பதென உறுதி பூண்டார்.

ஆஸ்பத்திரி மருத்துவர் நோயாளியைச் சில வாரங்களே காண்கின்றார். குடும்ப மருத்துவரோ அதே மனிதரைப் பல ஆண்டுகள் காண்கின்றார். இவ்வாய்ப்பின் அருமையை மக்கென்சி நன்குணர்ந்தார். பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்தபின், ஒவ்வொருவர் நாடியின் போக்கையும் குறித்து வைத்தார். கழுத்துச் சிரையின் துடிப்பையும் மணிக்கட்டு நாடியையும் ஒருங்கே தாளில் வரையும் கருவியை அமைத்தார். அதனைச் செம்மைப்படுத்த அவருக்குத் துணை நின்றவர், அருகிலிருந்த படியம் என்னும் ஊரின் கடிகாரத் தொழிலாளர் ஒருவர்!

இவ்வுழைப்பின் பயன் பெரிது. நாடி இடையிடையே தவறித் துடிப்பது பலருக்கு ஆபத்தன்று என்பது தெளிவாயிற்று. வீணே அஞ்சிப் படுக்கையில் கிடந்தோர் எழுந்து நடமாட வழி பிறந்தது. மற்றொரு வகை ஒழுங்கற்ற துடிப்புக்கு டிஜிடாலிஸ் என்னும் மருந்து எங்ஙனம் உதவுகிறது என்பதும் விளங்கிற்று. 1902-இல் நாடியைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

28 ஆண்டுகள் பர்ன்லியில் தொண்டாற்றிய பின், 1907-இல் தம் 54-ஆம் வயதில் லண்டன் சென்றார். மறு ஆண்டு இதய நோய்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1915-இல் சர் பட்டமும் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் அவரை அடைந்தன. ஆயினும் நோயின் தொடக்கத்தைக் காண்பவர் பொது மருத்துவரே என்னும் கொள்கையினின்று அவர் வழுவவில்லை. 1918-இல் லண்டன் வருவாயைத் துறந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிற்றூரை அடைந்தார். அடுத்த ஆண்டு அங்கே ஆராய்ச்சி நிலையம் ஒன்றைக் கண்டார். உள்ளூர் மருத்துவர்கள் அங்குக் கூடித் தாம் கண்ட நோய்களைக் கலந்தாய்ந்தனர். ஒருவர் அறிந்ததை மற்றவர் கற்றனர்.

இதய நோயை ஆராய்ந்த அவரையே இதய நோய் பற்றியது. அத்துன்பத்தையும் அவர் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். 1925 ஜனவரி 26-ஆம் நாள் அவர் மறைந்தபின், அவர் விரும்பியவாறே நண்பர்கள் அவரது இதயத்தைச் சோதித்து உண்மை கண்டனர். இறந்தும் கற்பித்த பெருமகன் அவர்!

நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள், டாக்டர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமேனும் தொடர்கல்வி பெறுதல் வேண்டுமென வகுத்தன. மக்கென்சியை எவ்விதியும் ஏவவில்லை. ஒரு பெண்ணின் மரணமே ஏவிற்று. நம் குடும்ப டாக்டர் ஒரு நாள் மருத்துவக் கூட்டத்திற்குச் சென்று மருந்தகத்தை மூடியிருப்பின், நாம் முகம் சுளியாதிருப்போமாக. அன்று அவர் கற்பது நாளை நம் இல்லத்து உயிரொன்றைக் காக்கக் கூடும்.