பாட்டு வந்தது, பாடகர் இல்லை!

1965-ம் ஆண்டு. அமெரிக்காவில் "கேட் பலூ" என்ற சிரிப்புப் படம் வெளிவந்தது. குதிரையும் துப்பாக்கியும் கொள்ளையரும் நிறைந்த கதை. நடுநடுவே இரண்டு பாடகர்கள் தோன்றி, பாட்டாகவே கதை சொல்வார்கள். ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பு இனத்தவர். அவர்தான் நாட் கிங் கோல். படம் வந்தபோது அவர் உயிருடன் இல்லை!

கோல் 1919-ல் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். தாயார் பியானோ கற்றுக் கொடுத்தார். முதலில் பியானோ வாசித்தவர், பிறகு பாடினார். அந்தக் குழைவான குரல் உலகையே மயக்கியது.

தீராத நிறவெறி

புகழ் வந்தது, நிறவெறி போகவில்லை. 1948-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர். கோல் அசையவில்லை.

1956-ல், பிறந்த மாநிலத்திலேயே, பர்மிங்காம் நகர மேடையில் பாடிக் கொண்டிருந்தவரை வெள்ளையர் சிலர் பாய்ந்து தாக்கினர். அதே ஆண்டு டெலிவிஷனில் தம் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கினார். நாடு முழுவதற்கும் விளம்பரம் தர ஒரு கம்பெனியும் துணியவில்லை. 1957-ல் அது நின்றது.

சிரித்த முகம்

கோல் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். நுரையீரலில் புற்றுநோய் கண்டது. "கேட் பலூ"வில் நடித்தபோதே உடல் நலிந்திருந்தது. ஆனாலும் சிரித்த முகத்துடன் பாடி முடித்தார்.

1965 பிப்ரவரி 15-ந் தேதி காலமானார். வயது 45. சில மாதங்களில் படம் வந்தது. சிரிக்க வந்த ஜனங்கள், மறைந்தவரின் குரலைக் கேட்டார்கள்.