போர்க்கால லண்டனில் கைப்பிடித்த ராஜரத்னம் – பிரோஷ்கா

தெம்பனிஸ் பள்ளிகளில் மாணவர்கள் காலையில் சொல்லும் தேசியப் பற்றுறுதியை 1966ல் வரைந்தவர் எஸ். ராஜரத்னம். இனம் பார்க்கக்கூடாது என்று எழுதுவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே அவர் அப்படி வாழத் தொடங்கிவிட்டார்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915ல் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். தந்தைக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை. மகன் வழக்கறிஞராகத் திரும்புவான் என்று 1930களில் லண்டனுக்கு அனுப்பினார்கள்.

அங்கே சந்தித்தவர்தான் பிரோஷ்கா ஃபெஹர். நாஜிகளின் கை ஓங்குவதைப் பொறுக்காமல் இங்கிலாந்துக்கு வந்த ஹங்கேரியப் பெண்.

1941 டிசம்பரில் பிரிட்டன் ஹங்கேரி மீது போர் அறிவித்தது. பிரோஷ்கா ஒரே நாளில் எதிரி நாட்டுக்காரி ஆனார். 1942 பிப்ரவரிக்குள் மலாயா, சிங்கப்பூர் இரண்டும் ஜப்பானியர் வசம். வீட்டுப் பணம் வரவில்லை. சட்டப் படிப்பு பாதியில் நின்றது. ராஜரத்னம் கட்டுரை, சிறுகதை என்று எழுதிப் பிழைத்தார்.

பெண் கேட்கவும் தட்டு மாற்றவும் இரு பக்கமும் பெரியவர்கள் இல்லை. 1943ல் ஆரவாரமின்றித் திருமணம் நடந்தது.

போர் முடிந்து மலாயா திரும்பியபோதுதான் சோதனை. வெள்ளைக்கார மருமகளைக் கண்டு சிரம்பான் வீடு அதிர்ந்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணக் குடும்பம், வேறெப்படி இருக்கும்? இருவரும் சிங்கப்பூரில் குடியேறினர். பிள்ளைகள் இல்லை. பத்திரிகையாளராக இருந்தவர் அமைச்சரானார்; பிரோஷ்கா 1989ல் இறக்கும்வரை உடனிருந்தார்.

ராஜரத்னம் 2006ல் காலமானார்.