மலையின் மண்ணைப் புரட்டியவர்

பழனி மலையில், கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே அமைந்த சிற்றூர் செண்பகனூர். மழை ஓய்ந்த காலைப் பொழுதில் அவ்வூரைச் சூழ்ந்த சோலைக்காட்டின் ஓரமாக நடந்து, ஈரம் ஊறிய ஒரு கல்லை மெல்லப் புரட்டினால், அதன் அடியில் விரல் பருமனே உள்ள கரும்பழுப்புப் பாம்பொன்று சுருண்டு கிடப்பதைக் காணலாம். நீளம் ஒரு முழத்திற்கும் குறைவு. கழுத்தின் பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடும். கையில் எடுத்தாலும் கடிக்க முயலாது. அதற்கு நஞ்சும் இல்லை. வெளிச்சம் பட்டதும் கூரிய தலையை மண்ணில் செருகி மறைய முற்படும். அறிவியலார் இதற்கு இட்ட பெயர் 'யூரோபெல்டிஸ் புல்னியென்சிஸ்'. 'புல்னி' என்பது வேறொன்றுமன்று; ஆங்கிலேயர் நாவில் திரிந்த 'பழனி' என்னும் சொல்லே அது. 1863ஆம் ஆண்டில் இப்பாம்பை உலகிற்கு அறிமுகப்படுத்தி, மலையின் பெயரையே அதற்குச் சூட்டியவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம்.

இலண்டன் நகரில் 1830ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த பெடோம், வழக்குரைஞர் ஒருவரின் மூத்த மகன். பதினெட்டாம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, சென்னைக் காலாட்படைப் பிரிவொன்றின் அலுவலராக இந்தியா வந்தார். படைப்பணியைவிடக் காடும் செடிகொடிகளுமே அவர் மனத்தை ஈர்த்தன. சென்னை மாகாண வனத்துறையைத் தோற்றுவித்த மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்ன் 1857இல் அவரைத் தம் உதவியாளராக ஏற்றுக்கொண்டார். மூன்றே ஆண்டுகளில் துறையின் தலைமைப் பொறுப்பு பெடோமிடம் வந்தது. 1882 வரை அப்பொறுப்பு அவரிடமே இருந்தது.

அக்காலத்தில் பழனி மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, சுமப்போர் தோளிலோதான் மேலே செல்ல வேண்டும். ஆனைமலை, நீலகிரி, சேர்வராயன் மலை, சிறுமலை, திருவிதாங்கூர் மலைகள், கிழக்குத் தொடர்ச்சி மலையின் காடுகள் எனத் தென்னாட்டு மலைகள் பலவற்றிலும் அவர் அலைந்தார். அலுவல் பயணம் மரங்களைக் கணக்கிடுவதற்கு. கண்களோ பெரணிகளையும் தவளைகளையும் ஓணான்களையும் தேடின.

அவருடைய தேடலில் தனியிடம் பெற்றவை மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள். தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இக்குடும்பம் இல்லை. இவற்றின் உடலமைப்பு வியப்பிற்குரியது. முன்னுடலின் வலிய தசைகள் தளர்ந்த தோலுக்குள்ளே முதுகெலும்பை வளைத்து நெளிக்க, உடல் பருத்து வளைச்சுவரில் ஊன்றிக்கொள்ளும். பின்னர்த் தலை முன்னே பாய்ந்து மண்ணைத் துளைக்கும். வாலின் முனையோ வெட்டிவிட்டது போல மழுங்கிச் சொரசொரப்பான செதில்களைக் கொண்டிருக்கும். அச்செதில்களில் மண் அப்பிக்கொள்வதால், பின்தொடரும் பகைக்கு வளையின் வாய் அடைபட்டது போலத் தோன்றும். வாலை இன்னொரு தலையென மயங்கி, அஞ்சி அடித்துக் கொல்வோர் இன்றும் உளர். உண்மையில் இதன் உணவு மண்புழு. இது முட்டையிடாமல் குட்டி ஈனும்.

இத்தகைய உயிரை வேட்டைக்காரனின் விரைவோடு தேடிக் காண இயலாது. கல், மட்கிய மரம், புல்வேர், இலைச்சருகு என ஒவ்வொன்றாகப் பார்த்து நடக்க வேண்டும். பகல் முழுதும் தேடினும் கிடைப்பது ஒன்றிரண்டே. அப்படியிருந்தும் இக்குடும்பத்தில் மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்களைப் பெடோம் முதன்முதலாக விவரித்தார் என்பதிலிருந்து அவரது பொறுமையை அளந்துகொள்ளலாம். அவற்றுள் சிலவற்றின் பெயர்களில் மதுரையும் திண்டுக்கல்லும் நீலகிரியும் வாழ்கின்றன. வேறு சில, தம் காலத்து ஐரோப்பிய அறிஞர்களின் நினைவாக அவர் சூட்டியவை. பளியரும் புலையரும் இம்மலையின் தடங்களைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். அன்னோரின் பெயர் இப்பட்டியலில் இல்லை. அக்கால அறிவியலின் வழக்கம் அதுவென்றாலும், குறை குறையே.

பிடித்த உயிர்களை ஆல்கஹாலில் இட்டுப் பதப்படுத்தி இலண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்புவது அன்றைய முறை. அங்கு ஆய்ந்த ஆல்பர்ட் குந்தர், பெடோம் அனுப்பியவற்றில் பல புதிய இனங்களைக் கண்டார். ஈரப் பாறைகளில் தாவித் திரியும் ஒரு தவளைக்கு 1876இல் பெடோமின் பெயரையே இட்டார். அத்தவளையின் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்துவனவல்ல. நீர் கசியும் பாறையில் ஒட்டிக்கொண்டு வளர்வன.

செடியியலில் அவர் ஆற்றிய பணி இதனினும் பெரிது. தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய நூலும், தென்னிந்திய வனமரங்களைப் பற்றிய பெருநூலும் படங்களுடன் வெளிவந்தன. திருப்பதி மலைப்பகுதிக்கே உரிய சைகஸ் இனமொன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் அவர் வகித்த பதவியை மறந்து அவரை மதிப்பிடுதல் ஆகாது. காட்டைக் காப்பது மட்டுமன்று, இருப்புப்பாதைக்கும் கப்பலுக்கும் கட்டடத்திற்கும் மரம் தருவதும் அன்றைய வனத்துறையின் கடமை. அவர் ஓய்வுபெற்ற 1882ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண வனச் சட்டம் வந்து, மலைவாழ் மக்கள் காட்டைப் பயன்படுத்தும் உரிமையைக் குறுக்கியது. காட்டின் மிக நுண்ணிய உயிரைக் குனிந்து நோக்கிய கண்ணும், காட்டை மரக்கணக்காகப் பார்த்த ஆட்சியும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன.

அவர் குறிப்புகளில் மற்றொரு குறையும் உண்டு. உயிரினம் கிடைத்த இடத்தைச் சுட்டுகையில், பல வேளைகளில் ஒரு மலைத்தொடரின் பெயரை மட்டும் எழுதிச் சென்றார். எந்தச் சரிவு, எந்தச் சோலை என்று அறியாமல் பின்வந்தோர் அதே மலைகளை மீண்டும் நடந்து தேட வேண்டியதாயிற்று. இடத்தைத் தெளிவாகக் குறித்தபோதோ, அக்குறிப்பு நெடுங்காலத்திற்குப் பின்னும் பயன்பட்டது. ஒடிசாவின் ஜெய்ப்பூர்ப் பகுதி மலையொன்றில் கிடைத்த தரைப் பல்லி ஒன்றை 1877இல் அவர் விவரித்திருந்தார். அதன்பின் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எவர் கண்ணிலும் அது படவில்லை. அழிந்துபோயிருக்கக்கூடும் என்று கருதப்பட்ட அப்பல்லியை, இந்த நூற்றாண்டின் ஆய்வாளர்கள் அக்குறிப்பைத் துணைக்கொண்டு சென்று உயிருடன் கண்டனர்.

தாயகம் திரும்பிய பின்னும் பெடோம் அம்மண்ணை மறக்கவில்லை. இந்தியா, இலங்கை ஆகியவற்றின் மண்வாழ் பாம்புகளைத் தொகுத்து 1886இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் இந்தியாவை விட்டுச் சென்று சில ஆண்டுகள் கழித்து, 1895இல், செண்பகனூரில் இயேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரி எழுந்தது. அங்கு உருவான இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், இம்மலையின் உயிரினங்கள் இம்மலையிலேயே சேர்த்து வைக்கப்பட்டன; பார்ப்பதற்குக் கடல் கடக்க வேண்டிய தேவை இல்லாதொழிந்தது.

பெடோம் 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் இலண்டனில் காலமானார். இன்று செண்பகனூர்ச் சோலையில் தேடி நடப்போர் பாம்பை எடுத்துச் செல்வதில்லை. ஒளிப்படம் எடுத்து, கிடைத்த இடத்தையும் உயரத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, புரட்டிய கல்லை முன்பிருந்தவாறே மெல்ல வைத்துவிட்டு அப்பால் செல்கின்றனர்.