தானியக் கணக்கில் உயர்ந்த தளபதி

நம் பிளாக் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஆடும் போர் விளையாட்டில், பனிக்காலம் வந்தால் படையின் பலம் சுற்றுக்குச் சுற்று குறைகிறது. அதைப் பார்த்தபோது ஜோராவர் சிங் நினைவுக்கு வந்தார்.

இன்றைய இமாசலப் பகுதியில் பிறந்தவர். ஜம்மு ராஜா குலாப் சிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். கோட்டைகளுக்குப் போகும் தானியம் வீணாவதைத் தடுத்து மிச்சம் பிடித்துக் காட்டியதில்தான் மேலே வந்தார். (பேங்கில் லெட்ஜர் எழுதிய எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.) 1834-ல் லடாக்கில் நுழைந்தார். குளிர் வந்ததும் சூரு பள்ளத்தாக்கில் ஒதுங்கி, பனி விட்ட பிறகே நகர்ந்தார். அடுத்து பால்டிஸ்தானும் வசமானது.

1841-ல் சுமார் 5,000 பேருடன் மேற்குத் திபெத்துக்குள் போனார். மானசரோவரையும் தாண்டி தக்லகோட்டைப் பிடித்துவிட்டார். லேயோ வெகு தூரம். கணவாய்களைப் பனி மூடியது. திபெத்தியர் தக்லகோட்டை மீட்டு வழியை அடைத்தார்கள். ஏறத்தாழ 13,000 அடி உயரம், மரமே இல்லாத பூமி. துப்பாக்கிக் கட்டைகளையே எரித்துக் குளிர்காய்ந்தார்கள். விரல் மரத்துப்போனவன் ஆயுதத்தை எப்படிப் பிடிப்பான்? டிசம்பர் 12 அன்று தோயோவில் தோளில் குண்டு பட்டு, குதிரையிலிருந்து விழுந்தும் வாளோடு நின்றவரை ஈட்டி சாய்த்தது.

தானியத்தில் ஏமாறாதவர் விறகில் ஏமாந்தார் என்பது என் எண்ணம்.

1842 உடன்படிக்கைக்குப் பின் லடாக் ஜம்முவோடு தங்கியது. அந்த உயரங்களுக்கென்றே நம் ஆவடி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இலகு ரக டாங்கிக்கு ஜோராவர் என்றே பெயர்.